மன்னார்க் கடலில் நெமோ: ஒரு தமிழ் வாசகனின் ஏமாற்றம்

சிறுவர் நூல்களைப் பெரியோர் மதிப்பிடும் முறையில் நெடுங்காலமாக ஒரு குறை இருந்து வருகிறது. கதை விறுவிறுப்பாக அமைந்துள்ளதா, அதில் நல்ல நீதி உண்டா என்னும் இரண்டு கேள்விகளோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர். அறிவியற் புனைகதைக்கு இவ்விரண்டும் போதா. நூல் கூறும் அறிவியல் மெய்யானதா, நூல் காட்டும் மனிதர் மெய்யான மனிதர்தாமா என்னும் வேறிரண்டு கேள்விகளும் அங்கே எழுந்தாக வேண்டும். அவற்றை எழுப்பாமலே நூலைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டால், படித்து முடித்தபின் ஏமாற்றமே எஞ்சும். ஏமாந்த பிள்ளைக்குத் தன் ஏமாற்றத்தின் காரணமும் விளங்காது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் (1828–1905) இயற்றிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ என்னும் நாவல் இதற்குத் தக்க சான்றாகும். 1869, 1870 ஆகிய ஆண்டுகளில், பதிப்பாளர் ஹெட்ஸல் நடத்திய சிறுவர் கல்வி இதழொன்றில் இது தொடராக வெளிவந்தது. கடலில் கப்பல்களைத் தாக்கும் விந்தை விலங்கைத் தேடிப் புறப்படுகின்றனர் பேராசிரியர் அரோனாக்ஸும் அவருடைய பணியாள் கோன்செயும் ஈட்டி எறிவதில் வல்ல நெட் லேண்டும். விலங்கு என்று எண்ணப்பட்டது உண்மையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல். அதன் பெயர் நாட்டிலஸ். தலைவன் பெயர் நெமோ. சிறைப்பட்ட மூவரும் அவனோடு உலகக் கடல்களைச் சுற்றி வருகின்றனர். நீர்மூழ்கிக் கப்பல்கள் சோதனை நிலையிலேயே இருந்த காலத்தில், மின்னாற்றலால் இயங்கும் ஒரு முழுக் கப்பலைக் கற்பனை செய்து காட்டியது இந்நூலின் பெருமை. அந்தப் பெருமையை மறுப்பார் இலர்.

ஆயினும் பினாங்கில் வளரும் தமிழ் வாசகனொருவன் இந்நூலின் பள்ளிச் சுருக்கத்தை முடித்து மூடும்போது அவன் மனத்தில் ஒரு வெறுமை தங்குவது இயல்பே. ஜார்ஜ் டவுனில் கடல் அவனுக்குப் புதிதன்று. படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் தெரிகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் நினைவைச் சூலியா தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா முதலிய கப்பல்களில் வந்திறங்கியோரின் பேரப்பிள்ளைகள் இங்கே ஏராளம். கடல் கடந்து வந்த மக்களின் வழித்தோன்றல், கடலைப் பற்றிய உலகப் புகழ் நூலொன்றை எடுக்கும்போது இருவகை எதிர்பார்ப்பு கொள்கிறான். கடலின் இயல்பை அந்நூல் கற்பிக்க வேண்டும். கடலில் உழைக்கும் தன் மக்களை அது ஓரிடத்திலேனும் காட்ட வேண்டும். முதல் எதிர்பார்ப்பைச் சுருக்குவோரும் மொழிபெயர்ப்பாளரும் கெடுத்தனர். இரண்டாவதில் ஆசிரியரே பாதி வழியில் நின்றுவிட்டார்.

எண்களை இழந்த அறிவியல்

தலைப்பிலேயே தொடங்கலாம். இருபதாயிரம் லீக் என்பது கப்பல் மூழ்கிய ஆழம் என்றே பெரும்பாலான சிறுவர் எண்ணிக்கொள்கின்றனர். ஒரு லீக் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். எனவே இருபதாயிரம் லீக் 80,000 கிலோமீட்டராகும். உலகின் மிக ஆழமான கடற்பகுதியும் 11 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே தலைப்புக் குறிப்பது கடலினடியில் கடந்த தொலைவு என்பதும், அது பூமியை இருமுறை சுற்றும் தொலைவு என்பதும் சிறிய கணக்கொன்றால் விளங்கிவிடும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பைப் பல சுருக்கங்கள் தருவதில்லை.

வெர்ன் எண்களை அழகுக்காகச் சேர்த்தவரல்லர். நாட்டிலஸின் நீளம் 70 மீட்டர், மிகுந்த அகலம் 8 மீட்டர், முழுதும் மூழ்கினால் அது விலக்கும் நீர் ஏறத்தாழ 1500 டன் என்று நெமோ அரோனாக்ஸுக்கு விளக்குகிறான். மிதக்கும்போது கப்பலின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கையும் மூழ்கச் செய்ய வேண்டுமாயின் அதற்கீடான நீரைத் தொட்டிகளில் நிரப்ப வேண்டும். அதாவது 150 டன் நீர். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை இதைவிடச் சுவையாகக் கற்பிக்கும் பாடநூல் அரிது. ஒரு காலத்தில் பினாங்குத் துறைமுகத்தில் சரக்கேற்றிய தொங்கான்கள் மூட்டை ஏற ஏற நீரில் தாழ்ந்ததும், இறக்க இறக்க உயர்ந்ததும் இதே தத்துவத்தினால்தான். நாவலின் அந்த அதிகாரத்தையும் துறைமுகக் காட்சியையும் ஆசிரியர் ஒருவர் இணைத்துக் காட்டினால், வகுப்பில் உறங்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

சிறுவர்க்கு எண்கள் கசக்கும் என்று கருதிச் சுருக்குவோர் இவற்றை நீக்குகின்றனர். நீக்கியபின் எஞ்சுவது சுறாவும் பெருங்கணவாயும் நடத்தும் சண்டைகளே. கப்பல் ஏன் மூழ்குகிறது, எவ்வாறு மேலெழுகிறது என்பதை அறியாத வாசகனுக்கு நாட்டிலஸ் மந்திரக் கம்பளத்தின் மறுவடிவமாகிவிடுகிறது. மந்திரக் கம்பளம் தன்னளவில் நல்ல கற்பனைதான். அறிவியல் என்று பெயரிட்டு அதைக் கொடுப்பதுதான் ஏமாற்று.

ஆங்கில மொழிபெயர்ப்பு செய்த கேடு இதனினும் பெரிது. 1872இல் லண்டனில் வெளிவந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் லூயிஸ் மெர்சியர் என்னும் பாதிரியார். மூலத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேலாக அவர் விட்டுவிட்டார். விட்டவை போக, மொழிபெயர்த்தவற்றிலும் பிழைகள் மலிந்தன. கப்பலின் உருக்குத் தகட்டின் அடர்த்தி, நீரின் அடர்த்தியைப் போல் 7.8 மடங்கு என்று வெர்ன் எழுதினார். பிரெஞ்சு மொழியில் அதை ‘ஏழு, எட்டுப் பத்தில்’ என்பதுபோல் அவர் அமைத்திருந்தார். மெர்சியர் அதை நீரின் அடர்த்தியில் 0.7 முதல் 0.8 வரை என்று புரிந்துகொண்டார். அவருடைய கணக்குப்படி உருக்கு மரக்கட்டையைப்போல் நீரில் மிதக்கும். நெப்ராஸ்காவிலுள்ள ‘கெட்ட நிலங்கள்’ என்னும் இடப்பெயரும் அவர் கையில் ‘விரும்பத்தகாத நெப்ராஸ்காப் பகுதி’ என்று உருமாறியது.

இம்மொழிபெயர்ப்பே ஏறத்தாழ நூறாண்டுகள் ஆங்கில உலகில் பெருவழக்காக இருந்தது. பௌதிகம் கற்ற மாணவன் அதைப் படித்தால் வெர்னுக்கு அடிப்படை அறிவியலே தெரியாது என்றுதான் முடிவு செய்வான். 1960களில் அமெரிக்க அறிஞர் வால்டர் ஜேம்ஸ் மில்லர் மூலத்தோடு ஒப்பிட்டுக் குற்றம் மொழிபெயர்ப்பினது என்பதை எடுத்துக்காட்டினார். வெர்னைச் சிறுவர்க்கு மட்டுமே உரிய எழுத்தாளராகச் சிலர் ஒதுக்கி வைத்ததற்கும் இத்தகைய பிழைகள் ஒரு காரணமாயின. தமிழில் வரும் பிறமொழிக் கதைகளுள் பல ஆங்கில வழியாகவே வருவன. ஆகவே இந்த வரலாறு தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஓர் எச்சரிக்கையாகும்.

சிப்பிப் பாரில் ஒரு தனி மனிதன்

தமிழ் வாசகன் ஆவலோடு எதிர்நோக்கத்தக்க இடம் நூலின் இரண்டாம் பகுதியில் வருகிறது. இந்தியப் பெருங்கடலைக் கடந்து இலங்கையை அடையும் நாட்டிலஸ், மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்களை நெருங்குகிறது. குளிப்பவர் ஒருவர் நீரினடியில் எத்தனை நேரம் இருக்க இயலும் என்னும் கேள்வி எழுகிறது. ஐந்து நிமிடம் என்று நூலொன்று கூறுவதை நெமோ நம்பவில்லை. சிலர் 57 நொடியும், மிகவும் தேர்ந்தோர் 87 நொடியும் தாங்குவர். சராசரி 30 நொடியே என்கிறான். நெடுநேரம் தாங்கியோர் மேலே வந்ததும் அவர்களுடைய மூக்கிலும் காதிலும் குருதி கலந்த நீர் வடியும் என்றும் கூறுகிறான். இங்கே எண்கள் உயிர் பெறுகின்றன. 12 மீட்டர் ஆழத்தில் மனித உடலின்மேல் நிலத்திலுள்ளதைப் போல் இருமடங்கிற்குச் சற்று மிகுந்த அழுத்தம் உண்டு. அந்த அழுத்தத்தில் வெறும் உடலோடு, ஒரு மூச்சை நம்பி, ஒரு மனிதன் சிப்பி பொறுக்குகிறான்.

மறுநாள் நீரடியில் நடக்கும் நெமோவும் தோழர்களும் அத்தகையவன் ஒருவனைக் காண்கின்றனர். முத்துக்குளிக்கும் பருவம் தொடங்குமுன் தனியே வந்த ஏழை அவன். கால்களிடையே கல்லைப் பற்றி இறங்குகிறான், சிப்பிகளைப் பையில் இடுகிறான், கயிற்றைப் பிடித்து ஏறுகிறான், மீண்டும் இறங்குகிறான். சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறான். அவன் வீழும் தறுவாயில் நெட் லேண்டின் ஈட்டி சுறாவின் நெஞ்சில் பாய்கிறது. மயங்கிக் கிடந்தவனைப் படகில் ஏற்றி உயிர்ப்பிக்கின்றனர். நெமோ ஒரு பை முத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் போகிறான். மனித இனத்தை வெறுத்தவன் ஏன் இவனைக் காத்தான் என்று அரோனாக்ஸ் கேட்கும்போது, ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவன் அவன் என்றும், தானும் இறுதி மூச்சுவரை அந்நாட்டவனே என்றும் நெமோ விடையிறுக்கிறான்.

நாவலின் உச்சங்களுள் ஒன்று இது. விந்தைக் கருவிகளின் வரிசையாக நீண்ட கதை, இவ்விடத்தில் நீதி கேட்கும் கதையாக உயர்கிறது. தமிழ் வாசகனின் ஏமாற்றமும் இங்கேயே முற்றுகிறது. காப்பாற்றப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. அவனுடைய ஊர் எது, மொழி எது, வீட்டில் காத்திருப்போர் யாவர் என்பவற்றை வெர்ன் கேட்கவே இல்லை. அஞ்சிய கண்களோடு முத்துப்பையைப் பெற்றுக்கொள்வதோடு அவனுடைய பங்கு முடிந்துவிடுகிறது.

அந்த மனிதன் யாராக இருந்திருக்கக்கூடும் என்பது தமிழ் மாணவர்க்குக் கடினமான கேள்வியன்று. மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் முத்துக்குளித்தலைத் தொழிலாகக் கொண்டோருள் தமிழ் பேசுவோர் பலர். தூத்துக்குடியின் பரதவரும் கீழக்கரையின் முஸ்லிம்களும் மன்னார்க் கரையின் மக்களும் அவருள் அடங்குவர். கொற்கை முத்து சங்கப் பாடல்களிலும் பழைய கிரேக்கப் பயண நூலிலும் இடம்பெற்றது. முத்து விளையும் இடத்திற்குப் ‘பார்’ என்றும், முத்துக்குளிப்புக்குச் ‘சலாபம்’ என்றும் பெயர்கள் வழங்கின. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவராகக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’க்கு ஆங்கில அரசே ஊதியம் அளித்தது. குளிப்போன் ஒருவன் இறங்கினால், கயிற்றைப் பிடித்துக் காத்திருப்போன் ஒருவன் படகில் இருப்பான். கயிற்றின் ஓர் அசைவில் ஓர் உயிர் இருந்தது. கூட்டுறவாலும் நம்பிக்கையாலும் இயங்கிய தொழில் அது. எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்குப் போனது. உயிரைப் பணயம் வைத்தோர்க்குச் சிறுபங்கே கிடைத்தது.

இவ்வளவும் வெர்னுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது முறையன்று. பாரிஸ் நூலகங்களில் கிடைத்த பயண நூல்களைக் கொண்டு அவர் எழுதினார். அவற்றில் இருந்த அளவு அவர் கதையிலும் இருக்கிறது. அவருடைய இரக்கமும் போலியன்று. ஆனால் மீன்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தும் அரோனாக்ஸ், எதிரே கிடக்கும் மனிதனின் பெயரைக் கேட்கவில்லை என்பது நூலுக்குள்ளேயே இருக்கும் குறை. அதைச் சுட்ட வெளிச்சான்று எதுவும் வேண்டியதில்லை.

பெயர் பெற்ற நெமோ

நெமோ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘எவருமிலர்’ என்று பொருள். ஆக, அந்தப் படகின் அருகில் பெயரற்ற மனிதர் இருவர் உள்ளனர். ஒருவன் தன் பெயரைத் தானே துறந்தவன். மற்றவனுக்கு ஆசிரியர் பெயர் அளிக்கவில்லை. துறந்தவனுக்குப் பின்னாளில் பெயர் கிடைத்தது. ரஷ்ய ஆட்சியால் குடும்பத்தை இழந்த போலந்து நாட்டவனாகவே நெமோவைப் படைக்க வெர்ன் முதலில் கருதினார். ஹெட்ஸல் அதற்கு உடன்படவில்லை. அதனால் முதல் நாவலில் நெமோவின் நாடு மறைத்து வைக்கப்பட்டது. 1875இல் நிறைவுற்ற ‘மர்மத் தீவு’ என்னும் நாவலிலேயே அவன் டக்கார் என்னும் இந்திய இளவரசன் என்றும், 1857ஆம் ஆண்டு எழுச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவன் என்றும் வெளியாயிற்று.

இந்தியப் போராளி ஒருவனை ஐரோப்பியச் சிறுவர் போற்றும் தலைவனாக்கியது அக்காலத்தில் துணிவான செயல். எனினும் அப்படைப்பில் ஆராயாமை தெரிகிறது. டக்கார் பண்டேல்கண்ட் அரசரின் மகன் என்றும் திப்பு சுல்தானின் மருமகன் முறையினன் என்றும் வெர்ன் எழுதுகிறார். பண்டேல்கண்ட் நடு இந்தியாவில் சிறு அரசுகள் பல அடங்கிய பகுதி. திப்பு 1799இல் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த மைசூர் மன்னர். வரலாற்றில் தொடர்பில்லாத இரண்டையும் ஒரே குடும்பமாக்கியது, தொலைவிலிருந்து கேட்ட பெயர்களைக் கோத்த வேலை. உருக்கின் அடர்த்தியைத் தசமத்தோடு எழுதியவர், மனிதரின் வரலாற்றில் அந்தக் கவனத்தைக் காட்டவில்லை.

இதற்குமேல் ஆங்கில மொழிபெயர்ப்பு மற்றொரு தீங்கையும் செய்தது. கிங்ஸ்டன் பெயரில் வெளிவந்த ‘மர்மத் தீவு’ மொழிபெயர்ப்பில், ஆங்கில ஆட்சியின்மீது நெமோ கொண்ட சினம் மழுங்கடிக்கப்பட்டது. ஆங்கிலேயர் இந்திய மக்களைச் சீர்குலைவிலிருந்து மீட்டனர் என்னும் கருத்து அங்கே புகுத்தப்பட்டது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தோன்றியது முதல் 1957இல் நாடு விடுதலை பெற்றது வரை, பினாங்கின் ஆங்கிலப் பள்ளிகளில் கற்ற தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கில நூல்களின் வழியாகவே உலக இலக்கியத்தை அறிந்தனர். அத்தகையோர் கையில் இந்த ஆங்கில வடிவம் கிடைத்திருந்தால், தம் முன்னோரின் நாட்டு விடுதலை வீரன் அந்நாட்டை ஆண்டோரைப் புகழும் பக்கங்களுக்கிடையே நிற்பதைத்தான் அவர்கள் கண்டிருப்பர்.

ஏமாற்றத்தின் பயன்

இவ்வளவு குறை கூறியபின் நூலை ஒதுக்கிவிடலாமா என்னும் கேள்வி எழும். ஒதுக்குவது எளிது, அதனால் பிள்ளைகளுக்கு இழப்பே மிஞ்சும். ஏமாற்றம் என்பது எதிர்பார்ப்பின் மறுபக்கம். மட்டமான நூலிடம் எவரும் ஏமாறுவதில்லை. மன்னார்க் காட்சியை எழுதும் ஆற்றல் வெர்னுக்கு இருந்ததனால்தான், அதற்கு அப்பால் அவர் செல்லாதது உறுத்துகிறது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை சில உள. சுருக்கத்தைக் கொடுக்க நேர்ந்தாலும், நாட்டிலஸின் அளவுகளைக் கரும்பலகையில் எழுதி மாணவரையே கணக்கிடச் செய்யலாம். உருக்கின் அடர்த்தி பற்றிய பிழையைச் சொல்லி, எது சரி என்று சோதித்தறியச் செய்யலாம். அச்சிட்ட நூலையும் ஐயுற்று ஆராயும் பழக்கம் அவ்வழியே வளரும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டம் பின்னர் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பயிற்று மொழி மாறி மாறி வரும் சூழலில் அடர்த்தி, அழுத்தம், மிதப்பு போன்ற தமிழ்ச் சொற்கள் தேர்வுத்தாளில் மட்டும் வாழ்ந்தால் நிலைக்கமாட்டா. கதையில் ஒரு மனிதனின் உயிர் அவற்றைப் பற்றி நிற்கும்போது அவை மறக்கப்படமாட்டா.

எழுத்தாளர்க்கும் ஒரு கடமை உண்டு. பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம், சிறுவர்க்குரிய அறிவியற் செய்திகளைத் தமிழில் தெளிவாகச் சொல்ல இயலும் என்பதை மெய்ப்பித்தது. கல்வி கோபாலகிருஷ்ணன் போன்றோர் கதையையும் அறிவியலையும் இணைத்துக் காட்டினர். அவ்வழியில் நின்று, மன்னார்ப் பாரில் இறங்கியவனின் கதையை அவன் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதலாம். ஒரு மூச்சின் நீளம், கல்லின் எடை, கயிற்றைப் பிடித்திருக்கும் தோழனின் கை, கரையில் காத்திருக்கும் தாயின் மனம் ஆகியவற்றோடு, கடலடியில் திடீரென ஒளி வீசி நிற்கும் உருக்குக் கப்பலை அவன் முதன்முதலாகக் கண்ட வியப்பும் அதில் இருக்கும். அறிவியலும் மனிதரும் பிரியாத அத்தகைய நூல் பினாங்குச் சிறுவனின் கைக்கு வரும்வரை, வெர்னின் நாவலை ஆசிரியர்கள் வகுப்பில் படித்துக்காட்டட்டும். சுறாவிடமிருந்து மீட்கப்பட்டவன் படகில் கண் விழிக்கும் இடத்தில் சற்றே நிறுத்தி, அவன் பெயர் என்னவாக இருக்கும் என்று மாணவரைக் கேட்கட்டும்.